கிழக்கு பார்த்த அடுப்பு

வண்டி வீட்டுக்கு வந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய வேன்தான். யாரோ ஒருவர் உள்ளே கட்டில், கழிவறை, சமையல் மேடை எல்லாம் வைத்து ஊர் சுற்றி, அலுத்துப்போய் விற்றது. என் கணவர் தேவராவிலிருந்து அதை ஓட்டி வந்து, மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் நுழைத்து முற்றத்தில் நிறுத்தியபோது அக்கம்பக்கமே கூடிவிட்டது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ஏறினேன். ஏறிய வேகத்தில் சமையல் மேடைக்கு மேலிருந்த அலமாரியில் நெற்றி நச்சென்று இடித்தது.

அந்த அலமாரியைச் செய்தவன் ஜென்மத்தில் ஒரு ரசம் வைத்திருக்க மாட்டான். அடுப்பு ஒரு மூலையில், தண்ணீர்த் தொட்டி இன்னொரு மூலையில். தொட்டியோ ஒரு டவரா கழுவத்தான் காணும். ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் யாராவது கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும். "எல்லாத்தையும் பிச்சு எறியணும்" என்றேன். "வந்து ஒரு சாயா குடிக்கறதுக்குள்ளயா?" என்றார் கணவர்.

வண்டி வாங்கியதே மாமியாருக்காக. அவருடைய ஒரே அக்கா கும்பகோணத்தில் இருக்கிறார். முட்டுவலி, வாசல் தாண்டுவதே பெரும்பாடு. மாமியாரோ வெளியில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டார். முன்பெல்லாம் ரயிலில் பட்டினி கிடந்தே போய்வந்தார். சர்க்கரை வந்தபின் பட்டினி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. ஃபோனில் இருவரும் பேசும்போது, "இனி எங்க பார்க்கப் போறோம்" என்று முடிப்பார்கள். அடுப்பையே கூடக் கொண்டுபோய்விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது அப்படித்தான்.

மாமியார் வண்டிக்குள் ஏறிச் சுற்றும்முற்றும் பார்த்தார். "வரேன். ஆனா ஒண்ணு, கிழக்கப் பார்த்து நின்னுதான் சமைக்கணும். அதில்லேன்னா என்னை விட்டுடுங்கோ."

இவ்வளவுதானே! எனக்குக் கை பரபரத்தது. காகிதத்தில் வரைந்தால் என் மண்டையில் ஏறாது. கோலப்பொடியை எடுத்து, வண்டிக்குப் பக்கத்திலேயே முற்றத்தில் வண்டியின் உள்ளளவுக்கு ஒரு கட்டம் போட்டேன். அதற்குள் அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ். சூரியனைப் பார்த்துப் பார்த்து அடுப்பைக் கிழக்குப் பக்கம், சன்னலை ஒட்டி வைத்தேன். மாமியார் உள்ளே நின்று வெறுங்கையால் தோசை வார்த்தார். "எண்ணெய் எடுக்க நான் ஏரோப்ளேன்லயா போறது? கிட்டக்க வைடி" என்றார். அழித்தேன், மறுபடி போட்டேன். காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜை எறும்பு தின்றிருக்கும். அதையும் மறுபடி போட்டேன்.

படகுகளுக்கு உள்வேலை செய்யும் ஆசாரி ஒருவர் இடக்கொச்சியிலிருந்து வந்தார். கோலத்தைக் கண்டதும், "சேச்சி, இது அடுக்களையோ, ஓணப் பூக்களமோ?" என்று சிரித்தார். ஆனால் அளவெல்லாம் அதிலிருந்துதான் எடுத்தார். அடுப்பு கிழக்குதானா என்று அவரும் இரண்டுமுறை சரிபார்த்தார். பாத்திரம் உருளாமலிருக்கத் தட்டுகளுக்கு விளிம்பு வைத்தார். அஞ்சறைப் பெட்டிக்கு ஓர் இழுப்பறை, குக்கர் அமிழும் ஆழத்தில் தொட்டி. மேடையில் வட்டமாக ஒரு பள்ளம் வெட்டி, காபி ஃபில்டர் அதில் கச்சிதமாக உட்காரும்படி செய்தார். அதைப் பார்த்ததும் நான் கை தட்டியேவிட்டேன்.

முற்றத்திலேயே பால் காய்ச்சினோம். மாமியார் கிழக்கு பார்த்து நின்றார், பால் பொங்கியது. வண்டி குலுங்கும்போது அலமாரித் தாழ்கள் பிடிக்கின்றனவா என்று பார்க்க ஆசாரியையும் ஏற்றிக்கொண்டு அன்று சாயங்காலம் வல்லார்பாடம் பக்கம் ஓர் ஓட்டம் போனோம். ஓர் ஓரமாக நிறுத்தியதும் மாமியார் காபி போட எழுந்தார். சன்னல் வழியே வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது.

"இதென்னடி, அஸ்தமிக்கற சூரியன் இங்க வந்து நிக்கறான்?"

ஆசாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ அம்மே, வண்டி திரும்புமல்லோ!"

அட ராமா! இத்தனை நாள் கிழக்கு கிழக்கு என்று குதித்தோமே, சக்கரம் வைத்த வீடு திரும்பும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிச்சேளோ, இறங்கி நடந்துதான் வரணும்" என்று எரிந்து விழுந்தேன். மாமியார் அடுப்பைத் தொடாமல் வெறும் வயிற்றோடு திரும்பி வந்தார். எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்து அவரே சொன்னார்: "சமைக்கற நேரத்துக்கு அடுப்பைக் கிழக்கப் பார்க்க நிறுத்தச் சொல்லு, அவனை. அவன்தானே ஓட்டறான்."

அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் கணவர் ஃபோனில் திசை பார்த்துப் பார்த்து வண்டியை வளைத்தார். ஒரு பெட்ரோல் பங்கில் அவர் சுற்றிய சுற்றைப் பார்த்து, "சார், ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "கிழக்கைத் தொலைச்சுட்டோம்" என்றேன். இட்லி, சேவை, மிளகூட்டான் என்று ஒருவேளை தப்பாமல் மாமியார் சாப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கும்பகோணத்தில் அக்கா வீட்டுச் சந்து குறுகல். வண்டி ஒரே ஒரு விதமாகத்தான் நின்றது. அடுப்புச் சன்னலுக்கு நேர் எதிரே அக்கா வீட்டு வாசல். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு படி இறங்கி நின்றார். வண்டியையே பார்த்தார், பின் சன்னலில் தங்கையைப் பார்த்தார்.

"வந்துட்டியா! இறங்கறதுக்கு முன்னாடி அங்கேயே ஒரு வாய் காபி போட்டுக் குடேண்டி. உன் கைக் காபி குடிச்சு எத்தனை காலமாச்சு."

கணவர் ஃபோனை நீட்டினார். "அம்மா, அடுப்பு மேற்கேன்னா பார்க்கறது. சந்து முனைக்குப் போய்த் திருப்பிண்டு வரட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். அவ முட்டுவலியோட நிக்கறா" என்று மாமியார் அடுப்பைப் பற்றவைத்தார்.

பள்ளத்திலிருந்து ஃபில்டரை எடுத்து, டிகாக்ஷனை ஊற்றி, நுரை பொங்க ஆற்றினார். பிறகு சன்னல் வழியே கையை நீட்டி, முதல் டம்ளரை அக்காவிடம் கொடுத்தார்.