ஒரு கூடம், நாலு வகுப்பு, என் தொண்டை

வாத்தியார் வேலைக்குப் படிப்பு கொஞ்சம் இருந்தால் போதும், தொண்டைதான் நிறைய வேண்டும். நீங்களும் சாக்கட்டித் தூளை விழுங்கினவர் என்றால், இதைப் படிக்கும்போதே ஒருமுறை கனைத்திருப்பீர்கள். கனையுங்கள், வெட்கம் என்ன? நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்!

நான் சொல்வது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி, வயல்வெளியில் அரைமணி நேரம் நடந்தால் எங்கள் பள்ளிக்கூடம். ஒரே ஒரு நீளக் கூடம். கிழக்குக் கோடியில் நான், ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். மேற்குக் கோடியில் சபாபதி வாத்தியார், மூன்றும் நாலும். நடுவில் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது.

ஈ எவ்ளோ?

சபாபதி வாத்தியார் தங்கமான மனுஷர். ஆனால் வாயைத் திறந்தால் கூரையிலிருந்து தூசி கொட்டும். அங்கே அவர் "ஓரேழு ஏழு" என்று ஆரம்பிப்பார். இங்கே நான் "அ, அணில்" என்பேன். என் பிள்ளைகள் அவர் பக்கம் திரும்பிவிடும். நான் இன்னும் கொஞ்சம் கத்துவேன். அவர் சும்மா இருப்பாரா? அவரும் கத்துவார். பத்து மணிக்குள் இரண்டு பேருக்கும் நரம்பு புடைத்துவிடும். பிள்ளைகள் இரண்டு பக்கமும் காதைக் கொடுத்து, கிடைத்ததை எல்லாம் கலந்து கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒருநாள் ஒன்றாம் வகுப்புப் பெண்ணின் அம்மா, நாற்று நடுகிற சேற்றுக் காலோடு வந்து நின்றாள்.

"இன்னா வாத்தியாரே, எம்பொண்ண ஊட்ல பாடம் சொல்லுன்னா, 'அணில் ஏழு, ஆடு பதினாலு, இலை இருவத்தொண்ணு'ன்னுகினு போவுது. அதோட நின்னுபூடுச்சி. இப்ப எனக்குத் தெரிஞ்சாவணும், ஈ எவ்ளோ?"

ஹக்கீம் கொடுத்த மருந்து

ஒரு திங்கட்கிழமை வாயைத் திறந்தேன், காற்று மட்டும்தான் வந்தது. அடப் பாவமே என்று பூந்தமல்லிக்கு வண்டி பிடித்து, அங்கே வைத்தியம் பார்க்கிற ஹக்கீம் சாயபுவிடம் போனேன். அவர் என் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இப்படியே இன்னும் ஒரு வருஷம் கத்தினால் குரல் திரும்பி வராது என்றார். குரல் போனால் வேலை போச்சு. வேறு தொழில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஏர் பிடித்தால் மாடே சிரிக்கும். உண்மையிலேயே பயந்துபோனேன்.

எப்படி ஐயா இந்தக் கதி வந்தது என்று கேட்டார். கூடம், இரண்டு கோடி, சபாபதி வாத்தியார் எல்லாவற்றையும் கையாலேயே அபிநயம் பிடித்துக் காட்டினேன். அவர் லேகிய டப்பாவைத் திறந்தவர் மறுபடி மூடிவிட்டார்.

"லேகியம் வேணும்னா தர்றேன், துன்னா இனிப்பா இருக்கும். ஆனா ஒங்களுக்கு மருந்து செவுருதான் வாத்தியாரே. போயி நடுவுல ஒரு செவுரு கட்டச் சொல்லுங்க."

கோணிச் சுவர்

கூடத்துக்குச் சொந்தக்காரர்தான் பள்ளிக்கூட மானேஜர். பெரிய விவசாயி, ஈர மனசு. என் கரகரப்பைக் கேட்டு உச்சுக்கொட்டினார். செங்கல் வைத்தால் கூடம் சின்னதாகிவிடும் என்று, மறுநாளே இருபது கோணிகளைச் சேர்த்துத் தைத்து நடுவில் தொங்கவிட்டார். சத்தம் அப்படியேதான் வந்தது. இரண்டே நாளில் கோணி முழுக்க ஓட்டை, ஓட்டைக்கு ஒரு கண். இருந்தாலும் சபாபதி வாத்தியார் முகம் தெரியாததால் எனக்கு ரோஷம் குறைந்து, பாதிக் குரலில் பாடம் ஓடியது. தொண்டை லேசாகத் தேறியது.

மாசியில் வேர்க்கடலை அறுவடை. மானேஜர் காலையிலேயே ஆட்களோடு வந்துவிட்டார்.

"கோச்சுக்காத வாத்தியாரே, அந்த செவுத்தக் கொஞ்சம் அவுத்துக் குடு, கடலை மூட்டை கட்டணும்."

குறை எழுதும் காகிதம்

அந்தச் சமயம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. உபாத்தியாயர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தில் உள்ள சௌகரியக் குறைவுகளைத் தாராளமாக எழுதலாமாம். ஆனந்தத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கடைசி வரியில் ஒரு வெடி: மானேஜர் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

சபாபதி வாத்தியார் "குறை யாதொன்றுமில்லை" என்று எழுதிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. மானேஜருக்கும் வலிக்காமல், இன்ஸ்பெக்டருக்கும் விளங்கும்படி, தேனில் குழைத்து எழுதினேன். "கூரை வழியே சூரியனைப் பார்த்து மணி அறியலாம். காற்றோட்டத்துக்குத் தடையே இல்லை. ஒரு வகுப்பில் நடத்தும் பாடம் நான்கு வகுப்புகளுக்கும் தெளிவாகக் கேட்கிறது." படித்தவர்களுக்குப் புரியாதா, என்ன? மானேஜர் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு.

"நம்ம பள்ளிக்கூடம் இவ்ளோ நல்லாவா கீது? எனக்கே இத்தினி நாளா தெரியாம பூடுச்சே!"

இன்ஸ்பெக்டர் வந்தார்

காகிதத்தைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் குதிரை வண்டியில் நேரிலேயே வந்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நாலாம் வகுப்பைக் கேட்டார்: "நம் ஜில்லாவில் ஓடும் ஆறுகள் எவை?" பயத்தில் நாலாம் வகுப்பு ஊமையாகிவிட்டது. என் கோடியிலிருந்து ஒன்றாம் வகுப்பு கோரஸாகப் பாடியது: "பாலாறு, கொற்றலையாறு, கூவம்!" இன்ஸ்பெக்டர் திகைத்தார். சரி என்று என் பக்கம் வந்து, "அ என்றால் என்ன?" என்றார். மேற்குக் கோடியிலிருந்து நாலாம் வகுப்பு முழங்கியது: "அணில்!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா? சுவர் இல்லாத கொடுமையைக் கண்ணால் பார்த்துவிட்டாரே! மிச்சமிருந்த குரலைத் திரட்டி, "ஐயா, ஒரே ஒரு சுவர்..." என்றேன். அவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"சுவரா? இங்கே ஒரு செங்கல் வைத்தால் உம்மைச் சும்மா விடமாட்டேன்! இரண்டு வாத்தியார், நாலு வகுப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு வகுப்புப் பாடம்! பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அநியாயமாக ஒரு சுவர் இருக்கிறது, நாளைக்கே இடிக்கச் சொல்கிறேன்."

இடித்தும் விட்டார்கள், அந்த ஊர் வாத்தியாரை அடுத்த மாதம் ஹக்கீம் வாசலில் பார்த்தேன், என்னைக் கண்டதும் அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார், நல்லவேளை, காற்று மட்டும்தான் வந்தது.