நுங்குக்கு மூன்று கண்

பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த மாணிக்கவாசகத்தின் தங்கை இசக்கியம்மாளுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால், சொன்னவருக்குத்தான் கணக்கு வராது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். துணியை இரண்டாக மடித்தால் அரை, மறுபடி மடித்தால் கால், இன்னொரு மடிப்புக்கு அரைக்கால், அதற்கும் மேல் வீசம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்படிப்பட்டவள் எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். இரண்டு தடவையும் கணக்கில்தான்.

காரணம், மூன்றில் ஒரு பங்கு. மடித்து மடித்தே பழகிய கைக்கு அது பிடிபடவில்லை. 'காலே வீசமும் சொச்சமும்' என்று விடைத்தாளில் எழுதிவிட்டு வந்தாள். திருத்தியவர் என்ன செய்வார் பாவம், சுழியம் போட்டார். இசக்கிக்கு அவர்மேல்தான் கோபம், தன்மேல் துளியும் இல்லை.

1946-இல் மூன்றாம் தடவை. தேறினால் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம். தவறினால், மனைவியை இழந்த ஒரு கோவில்பட்டி மளிகைக்கடைக்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அண்ணன் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. கல்யாணமாகாத தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு ஊர் வாயை மூட முடியாமல் தவித்தார், அவ்வளவுதான்.

கடைக்குத் துணி எடுக்க வந்து சிநேகிதியானவள் சாந்தோம் மர்சலின். இசக்கிக்கு ஒத்த வயது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து கணக்குப் புத்தகத்தைத் திறப்பாள். தகு பின்னம், தகாப் பின்னம், கலப்புப் பின்னம் என்று அவள் வாசிக்க வாசிக்க இசக்கி கொட்டாவி விட்டாள். துண்டு எப்படி முழுசைவிடப் பெரிதாக இருக்கும் என்று சண்டைக்கும் போனாள்.

பங்குனி வெயிலில் தெருவில் நுங்கு வந்தது. மர்சலின் இரண்டு காய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா இசக்கி, ஒரு நுங்குல எத்தினி கண்ணு கீது?"

பனங்காட்டுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? மூணு என்று சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கண் என்றால் மூன்றில் ஒன்று. சொச்சம் எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு கண் முழுக்காய்க்குள் அடங்கும், அது தகு பின்னம். ஐந்து கண்ணைத் தட்டில் வைத்தால் மேலே ஐந்து, கீழே மூன்று, தகாப் பின்னம். அதையே ஒரு முழுக்காயும் இரண்டு கண்ணும் என்று சொன்னால் கலப்பு. இத்தனை வருஷம் இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு ஐந்து கண்ணையும் அவளே தின்றாள்.

தேர்வில் கேட்டிருந்தார்கள்: அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுக. இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. சில காய்களில் இரண்டு கண்தான் இருக்கும். அதில் ஒரு கண் அரை. மற்றதில் ஒரு கண் மூன்றில் ஒன்று. ஆக மொத்தம் ஐந்து கண்ணில் இரண்டு கண். 'ஐந்தில் இரண்டு' என்று அழுத்தி எழுதிவிட்டு, தாளைக் கொடுக்க எழுந்தாள்.

எழுந்தவளுக்குப் பொறி தட்டியது. ஐந்தில் பாதி இரண்டரை அல்லவா? அப்படியானால் இரண்டு, பாதிக்கும் குறைவு. அரை கஜத்தோடு இன்னும் கொஞ்சம் துணி சேர்த்தால் அது அரை கஜத்துக்கும் குறையுமா? எந்த ஊர்க் கடையில் நடக்கும் இது? இரண்டு கண் காயின் கண்ணும் மூன்று கண் காயின் கண்ணும் ஒரே அளவாக இருந்தால்தானே சேர்த்து எண்ணலாம்! உட்கார்ந்தாள். இரண்டு காயையும் மனசுக்குள் ஆறு ஆறு துண்டாக நறுக்கினாள். அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு. ஆறில் ஐந்து. பழையதை அடித்துவிட்டு எழுதினாள். ஒரு முழுசுக்குக் கொஞ்சம் குறைவு, அரைக்கு நன்றாகவே மேல். இந்தத் தடவை சரி என்று அவளுக்கே தெரிந்தது.

கடைக்குத் திரும்பியபோது கோவில்பட்டித் தரகர் தாம்பூலத் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். எப்படி எழுதினாய் என்று அண்ணன் கேட்கவில்லை. தட்டைக் கையில் வாங்கியிருந்தார், கீழே வைக்கவும் இல்லை. ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று பொதுவாகச் சொன்னார்.

"ரிசல்ட் வரும்போது வரட்டும்ண்ணே. இவுகள இப்பமே அனுப்பிருங்க. அந்த மாப்பிள்ளைக்கு வேற எடம் பாக்க நாளாகும்லா?"

மாணிக்கவாசகம் தங்கையின் முகத்தைப் பார்த்தார். போன இரண்டு தடவையும் தேர்வு முடிந்ததும் கேள்வி போட்டவரைத் திட்டிக்கொண்டே வந்தவள். இன்று யாரையும் திட்டவில்லை. அவர் தட்டைத் தரகரிடமே திருப்பிக் கொடுத்தார்.