ஃபேன் இல்லாத பெட்டி

மரக்காணத்தில் உப்பளச் சாலை பெரிய சாலையோடு சேரும் இடத்தில் என் அண்ணி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கரண்ட் பில், ரேஷன் கார்டு திருத்தம், துபாயில் இருக்கும் கணவருக்கு அனுப்ப வேண்டிய காகிதம் என்று கூனிமேட்டிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். கடை ஓடுவது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியால். சென்னையில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் அது, டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும்.

வாங்கிக் கொடுத்தது நான். "கம்ப்யூட்டர்லயே வேல பாக்குது, அண்ணிக்குப் பழச தள்ளிடுச்சு பாரு" என்று சொந்தத்தில் பேசாத வாய் இல்லை. பேசட்டும். அதற்கு முன்னால் கோட்டக்குப்பத்தில் வாங்கிய புத்தம்புது கம்ப்யூட்டர் இரண்டாவது கோடையைப் பார்க்கவில்லை. உள்ளே சுற்றும் ஃபேன் உப்புக்காற்றை இழுத்து இழுத்து, போர்டு முழுக்கப் பச்சை பூத்துப்போனது. அடுத்து வாங்கியதும் அதே கதிதான். இந்தப் பெட்டிக்கு ஃபேன் கிடையாது. அதிகம் சூடாகாத சின்ன சிப், இறுக அடைத்த மூடி. எங்கள் ஊர்க்காற்று அதனிடம் தோற்றது.

ஒரு நாள் காலை அண்ணி போன் செய்தார். "ராத்திரி ஏதோ அப்டேட்டுன்னு கேட்டுச்சு, சரின்னு அமுத்திட்டேன். இப்ப கண்ணையே தொறக்க மாட்டேங்குது. வெளிய ஜனங்க நிக்குது, சீக்கிரம் வா."

நான் பிழைப்பது கெர்னலில்தான். கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் பொறுப்பை எடுத்துக்கொண்டு மற்ற நிரல்களையெல்லாம் மேய்ப்பது கெர்னல். பெட்டியில் இருப்பது யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய பொதுவான கெர்னல். எடுப்பதும் தள்ளுவதும் அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பாளராக இருப்பவர் கையில். லேப்டாப்பை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் திரையைப் பார்த்தேன். சிப்புக்குத் தெரியாத கட்டளை என்று சொல்லிவிட்டு நின்றிருந்தது.

விஷயம் இதுதான். கெர்னல் எழும்போதே தன் உடம்பில் தேவையில்லாத கட்டளைகளைத் தானே பிடுங்கிவிடும். பிடுங்கிய இடம் ஐந்து பைட் ஓட்டை. பின்னால் இருப்பதை முன்னால் நகர்த்த முடியாது, எல்லா முகவரியும் குழம்பிவிடும். அதனால் எதுவுமே செய்யாத கட்டளையால் அதை அடைக்க வேண்டும். ஒரு பைட் அளவுள்ள 'சும்மா இரு' கட்டளையை ஐந்து தரம் போடலாம். ஆனால் ஓயாமல் கடந்துபோகும் பாதையில் ஐந்தையும் ஒவ்வொரு தரமும் படித்தாக வேண்டும், அது வீண். புது சிப்புகளுக்கு ஐந்து பைட் நீளத்தில் ஒரே 'சும்மா இரு' இருக்கிறது. வேகமானது, அழகானது. புதுப் பதிப்பில் எல்லோருக்கும் அதையே போட்டுவிட்டார்கள். அண்ணியின் பெட்டிக்கு அந்தக் கட்டளை தெரியாது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஓர் எண்ணை எடுத்து, பூஜ்யத்தைக் கூட்டி, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்வது. சாதாரணக் கூட்டல் கட்டளை கூடாது. அது பூஜ்யத்தைக் கூட்டினாலும் விடையைப் பற்றி ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போகும், அடுத்து வருகிற கட்டளை அதைப் பார்த்து ஏமாறும். முகவரி கணக்கிடும் கட்டளைதான் தடயமே வைக்காது. ஐந்து பைட்டில் கச்சிதமாக அடங்கும், பழைய சிப்புக்கும் புரியும். புது சிப்பில் மட்டும் கொஞ்சம் மந்தம். அதனால் எழும்போதே சிப்பிடம் 'உனக்கு எது தெரியும்?' என்று கேட்டு, அதற்கு ஏற்றதைப் போடும்படி ஒரு சின்னத் திருத்தம் எழுதி அனுப்பினேன். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பொறுப்பாளர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. பதில் மட்டும் சூடு ஆறுவதற்குள் வந்தது. அந்த சிப் செத்துப் பல காலமாகிறது, செத்ததற்காகக் கூடுதல் நிரல்வரிகளைச் சுமக்க முடியாது, புது மெஷின் வாங்கச் சொல்லுங்கள் என்றிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் செத்தது? புதுசு இரண்டும்தான் இங்கே செத்தன. அவர் ஜன்னலைத் திறந்தால் என்ன காற்று வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஜன்னலில் என்ன வரும் என்று அவருக்கும் தெரியாது, ஆனால் தீர்ப்பு மட்டும் அவர் சொல்வார். நின்றுபோன மெஷினில் எந்தக் கட்டளையும் வேகமானதில்லை. மூன்றாவதாக ஒரு புதுசை வாங்கி அதுவும் துருப்பிடித்தால் அண்ணி கடையை மூட வேண்டியதுதான், அதற்கு நான் விடுவதாக இல்லை.

கடையில் உட்கார்ந்தே என் லேப்டாப்பில் திருத்தத்தோடு கெர்னலைக் கட்டி, பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகினேன். பெட்டி எழுந்தது. பிரிண்டர் தானாகவே ஒருமுறை உறுமியது. அண்ணி முந்தானையால் திரையைத் துடைத்தார்.

நான் நாற்காலியை விடவில்லை. அந்தப் பெட்டியிலேயே பொறுப்பாளருக்கு மெயில் எழுதத் தொடங்கினேன்.

"நீங்கள் செத்துவிட்டது என்று சொன்ன சிப்பில் உட்கார்ந்துதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். திருத்தத்தை நீங்கள் எடுக்காவிட்டால் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் நானே ஒட்டிக்கொள்வேன். நீங்கள் தள்ளத் தள்ள அனுப்பிக்கொண்டும் இருப்பேன்."

சொன்னபடியே செய்துவருகிறேன். இன்றுவரை அவர் எடுக்கவில்லை, நானும் விடவில்லை.

அன்று அந்த மெயிலை அனுப்பப் போன நேரத்தில் அண்ணி என் தோளைத் தட்டினார். "போதும் எழுந்திரு. வெயில்ல நிக்கிறாங்க பாரு."

"இருங்க அண்ணி. இந்தப் பெட்டி செத்துப்போச்சுன்னு ஒருத்தர் சொல்றாரு."

அண்ணி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியா? அவர வந்து லைன்ல கடைசியா நிக்கச் சொல்லு."

அதையும் மெயிலில் சேர்த்து அனுப்பிவிட்டு எழுந்தேன்.