பதினொரு மொட்டையும் ஒரு ஜெர்மன்காரரும்

பதினான்கு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தாடிய மனிதர் ஒரு கோப்பையைக்கூடக் கையால் தொட்டதில்லை என்று சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெர்மனியில் இரண்டாம் தரக் குழு ஒன்றில் ஆடியவர். அடித்த கோல் அறுபத்தொன்று, அதில் தலையால் அடித்தது நாற்பத்தேழு. முழங்கால் போனதும் பந்தை விட்டுவிட்டு இயந்திர வேலை கற்றுக்கொண்டார். ஊரில் பேக்கரிக்காரர்களும் தபால்காரர்களும் சேர்ந்த ஒரு குழுவுக்குச் சனிக்கிழமைகளில் இனாமாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அங்கேயும் கோப்பை இல்லை.

வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆந்திர எல்லையில் எங்கள் சத்தியவேடு பக்கம் வரத் தொடங்கிய காலம். எங்கள் தொழிற்சாலையில் புது இயந்திரங்களைப் பொருத்த வந்தவர், மாலையில் காம்பவுண்டுக்கு வெளியே எங்கள் ஆட்கள் பந்து உதைப்பதைப் பார்த்து நின்றார். மறுநாளே விசிலோடு வந்துவிட்டார். நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணுவதே பிழைப்பு. அதனால் குழுவின் நோட்டும் என் கைக்கு வந்தது.

அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று, தலையால் அடிப்பது. வேப்பமரக் கிளையில் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஆளுக்கு நாற்பது தடவை எம்பி நெற்றியால் முட்டச் சொல்வார். எங்கள் ஆட்களின் சராசரி உயரம் ஐந்தடி நான்கங்குலம். டைம் ஆபீஸ் கதவில் கோடு போட்டு அளந்தேன். கூலி வேலைக் குடும்பத்துப் பிள்ளைகள். பந்தைத் தரையோடு உருட்டி ஆடத்தான் அவர்களுக்குத் தெரியும். இந்த உயரத்துக்கு இந்த வித்தையா என்று எனக்குக் கவலை. ஆனால் பதினான்கு மாதத்தில் எம்பக் கற்றுக்கொண்டார்கள். மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை வந்தோம். அவருக்கு ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. "ஒரே ஒரு கோப்பை, என்னுடைய ஆட்டத்தால்" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை திருப்பதியில் அரையிறுதி. இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். மலையைப் பார்த்து, ஜெயித்தால் பதினொரு மொட்டை என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளைகள் முடியைப் பெற்றவர்கள் நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்தில் சகஜம். இவர்கள் என் பிள்ளைகள் இல்லை என்பது அந்த நிமிடம் தோன்றவில்லை. இரண்டு கார்னர், தலையால் இரண்டு கோல், ஜெயித்துவிட்டோம். ஏதோ இயந்திரம் நின்றுவிட்டதென்று ஜெர்மன்காரரைக் காரில் அழைத்துப் போய்விட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு ஞாயிறன்று நேரே சித்தூர் வருவதாகச் சொல்லிப் போனார்.

பஸ் ஸ்டாண்டில் விஷயத்தைச் சொன்னேன். கோல்கீப்பர் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"வேண்டிக்கினது நீங்க, மொட்ட நாங்களா சார்?"

"ஆடினது பதினொரு பேருப்பா. அதான் பதினொண்ணு."

"பன்னெண்டுன்னு வேண்டிக்கினா இன்னா, வாயி வலிக்குமா?"

கேப்டன் குறுக்கிட்டான். "வுடு மாமா. மலைக்கு அடியில நின்னுக்கினு வேண்டுதல வச்சிட்டு எப்பிடிப் போறது? நாளான்னிக்கித் தோத்துட்டா இதான நெனப்புக்கு வரும்."

சனிக்கிழமை மலையேறி, முடி கொடுத்து, ஏழு மணி நேரம் வரிசையில் நின்று சாமி பார்த்து இறங்கினோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் தலையில் பட்ட பந்தை எண்ணி எழுதியவன் நான். அந்தத் தலைகளைத்தான் மழிக்கக் கொண்டுபோகிறேன் என்று ஒரு கணம்கூட உறைக்கவில்லை.

ஞாயிறு மதியம் சித்தூர் மைதானத்தில் வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று காலையில் புதிதாகச் சந்தனம் வேறு பூசியிருந்தார்கள். ஜெர்மன்காரர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஆள் ஒருவனுடைய அப்பா இறந்தபோதுதான் அவர் மொட்டையைப் பார்த்திருந்தார்.

"யார் இறந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு, "இத்தனை பேர் வீட்டிலுமா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரு பந்தை எடுத்துக் கேப்டன் தலைக்கு வீசினார். அது சந்தனத்தில் வழுக்கிப் பின்னால் போயிற்று. இன்னும் இரண்டு வீசினார், இரண்டும் வழுக்கின. நான் ஓடிப்போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தேன். சந்தனம் போயிற்று, பிளேடு கீறல்கள் போகவில்லை. பந்து வந்ததுமே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நெற்றியில் வாங்க வேண்டியதை உச்சந்தலையில் வாங்கினார்கள். ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான்.

ஆட்டம் தொடங்க நான்கு நிமிடம்.

"இன்று தலை வேண்டாம்," என்றார் அவர். "நான் வருவதற்கு முன் எப்படி ஆடினீர்களோ, அப்படி ஆடுங்கள்." தமிழில் சொன்னேன்.

கேப்டன் என் காதருகே வந்தான். "நெசமாவா சார்? தொர கொயம்பிக்கினு பேசறாரா? இன்னொரு தபா கேளுங்க."

கேட்டேன். அதையேதான் சொன்னார்.

எதிர்க்குழு எங்கள் பழைய ஆட்டங்களை விசாரித்து வைத்திருந்தது. மூன்று நெட்டை ஆட்களைக் கோல் முன்னால் நிறுத்தி, உயர வரும் பந்துக்காகக் காத்திருந்தார்கள். பந்து உயர வரவே இல்லை. அவர்கள் கால்களுக்கு நடுவே, புல்லோடு புல்லாகப் போய்க்கொண்டிருந்தது. "குண்டுகாள்ளு பாகா ஆடுதுன்னாருரா" என்று கூட்டத்தில் தெலுங்கில் மொட்டைகளைப் பாராட்டினார்கள். மூன்றுக்குப் பூஜ்யம். நான் திறந்த வாயை மூடவில்லை. பதினான்கு மாதமாக இந்த ஆட்டத்தையா மரத்தடியில் கட்டிப்போட்டிருந்தோம்?

கோப்பையை அவர் கையில் கொடுத்து மாலை போட்டார்கள். ஐம்பது வயதில் முதல் கோப்பை. அதை இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"தலையால் எத்தனை?"

நோட்டில் அந்தப் பத்தி காலியாக இருந்தது. இரண்டு என்றோ மூன்று என்றோ சொல்லியிருக்கலாம், அவர் சரிபார்க்கப் போவதில்லை.

"ஒன்றும் இல்லை," என்றேன்.

தலையாட்டினார். கோப்பையைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"தொர எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீறாரு? அதான் கப்பு வந்துட்ச்சே," என்றான் கேப்டன். அவருக்கு வேண்டியது வெறும் கோப்பை இல்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாலும் வருவான்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். விசிலை என் கையில் கொடுத்தார். பிறகு வரிசையின் கடைசியில், தன் மார்பளவு உயரமுள்ளவன் பின்னால் போய் நின்று, உருட்டி ஆடுவதைத் தனக்கும் சொல்லித்தரும்படி சைகை காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவரைப் பார்த்தேன். முதல் நாள் பன்னிரண்டு பந்து விட்டார்கள், ஒன்பதைக் கோட்டைவிட்டார்.

"குனி தொர, குனி," என்று கேப்டன் கத்தினான். அந்த முழங்காலோடு அவர் குனிந்தார்.