அக்காவுக்குப் பிடித்தவர்

மலாயாவின் அவசரகாலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று, பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் எங்களை விடியற்காலையில் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் இருந்தாள். எதிர்வரிசையில் நிற்கும் ஆண்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள்.

எனக்குப் பதினாறு, அக்காவுக்குப் பத்தொன்பது. என் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைப் பிடிக்கும். அவர் காலில் வெள்ளைச் சப்பாத்து போடுவார் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள், நானும் விட்டேன்.

அக்கா அப்படியில்லை. பால் ஸ்டோரில் வாளி கழுவும், மேலுதடு பிளந்த ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று என்னிடம் சொன்னாள்.

"நம்மள தடவுறப்போ அவரு ஒருத்தருதான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு."

அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

குழாயடியில் சிரிப்பு மூட்டுவதற்காக நான் அதைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது.

"எத்தன ஆம்பள இருக்கான், ஒதடு கிழிஞ்சவன்தான் கெடச்சானா?"

"முத்தம் கேட்டா எந்த ஒதட்ட குடுப்பானாம்?"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் பால் நிறுக்க எல்லோரும் வரிசையில் நின்ற நேரம், அம்மா எங்கள் வீட்டுச் சுவர்க்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தார். அதை வாளி கழுவுகிறவரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நல்லா பாத்துக்கடா. இந்த மூஞ்சிக்கு எம்மவ கேக்குதா?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுக்கா," என்றார் அவர். பிளந்த உதட்டில் சொற்கள் குழறின. யாரோ அதேபோல் பேசிக் காட்ட, வேலை வாங்கும் மண்டோர்கூடச் சிரித்துவிட்டார். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் அக்காவைத் தேடினார். தன்னையும் ஒருத்திக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் கேட்டில் அவர் திரும்பிக்கொள்ளவில்லை. அக்காவின் மேல் அந்தப் பெண்ணின் கைகள் ஊர்ந்து முடியும்வரை கண்கொட்டாமல் பார்த்தார். ஆசையா, நன்றியா, எனக்குத் தெரியாது.

"அவரும் பாக்குறாருடி," என்றாள் அக்கா, வெட்டுக்குப் போகும் வழியில். அவரைப் பற்றி அதன்பின் அவள் பேசவேயில்லை.

அடுத்த மாதம் பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து, மனைவியை இழந்த கடைக்காரர் ஒருவர் பெண் பார்க்க வந்தார். அக்கா நிமிராமலே சரியென்றாள். இப்போதுதான் இவளுக்குப் புத்தி வந்தது என்று பெண்கள் மெச்சினார்கள். கல்யாணத்தன்று அண்டா கழுவ அந்த மனிதரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் வந்து கழுவினார்.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "குழாயடியில யாருடி சொன்னது?" என்று கேட்டாள்.

அடுத்த லயத்துத் தோழியின் பெயரைச் சொன்னேன், அவள் ஒட்டுக்கேட்டுவிட்டாள் என்று. அக்கா நம்பினாள். கடைசிவரை அந்தப் பெண்ணோடு அவள் பேசவில்லை.