சேவியர் சார் வீட்டு மூலைப் புல்

"முருகேசா, இது என்ன புல்லு?"

சேவியர் சார் லான் மூலையைக் காட்டினார். பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் தனியாகப் போட்ட முதல் லான் அது. தொண்ணூறு வாக்கில். தீபாவளி கழித்து அருகம்புல் கொண்டுவந்து, நாலு விரக்கடை விட்டு நட்டேன். நன்றாகப் படர்ந்தது. பிப்ரவரியில் பார்த்தால் இந்த மூலை மட்டும் வேறு மாதிரி. இலை அகலம். கொத்துக் கொத்தாக நின்றது.

"நீ நட்டதுல களை கலந்திருக்கு. மொத்தமா கொத்திட்டு வேற நடு" என்றார் சார்.

அதே தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள், சார் வீட்டு லான் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்தார்கள். சார் வாயில் களை என்று வந்தால் அந்தத் தெரு போச்சு. மறுபடி கட்டட வேலைக்கு மண் சுமக்கப் போகணும்.

தண்டை விரலால் உருட்டினேன். கோரை என்றால் மூணு பட்டை தட்டுப்படும். இது தட்டை. வேரோடு பிடுங்கினேன். கோரைக்கு அடியில் கிழங்கு இருக்கும். இதில் இல்லை. அருகு மாதிரி தரையில் ஓடவும் இல்லை. ஈரத்துணியில் சுற்றி கேம்ப் ரோடு நர்சரிக்கு எடுத்துப் போனேன்.

"இன்னாண்ணா புல்லு இது?"

நர்சரிக்காரர் திருப்பிப் பார்த்தார். "மொட்டை அடிச்சி கூட்டினு வந்து இவன் யாருன்னா நான் இன்னாத்த சொல்றது? ரேஷன் கார்டு இருந்தா எட்த்துனு வா."

நக்கல்தான். ஆனால் விஷயம் இருந்தது. ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்ததும் புல் வெட்டும் மெஷின் தள்ளுவது சாருக்குப் பிடிக்கும். வாராவாரம் வெட்டினால் எல்லாப் புல்லும் ஒரே முகம். பூத்தால்தான் இனம் தெரியும்.

"சார், மூலையில மட்டும் மெஷின் ஓட்டாதீங்க. பூ வரட்டும். களைன்னா மொத்தத்தையும் நானே கொத்தி நட்டுத் தர்றேன்."

சார் யோசித்தார். "சரி, பார்ப்போம்."

நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். அந்த மூன்று பேரில் ஒருவரான எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன முருகேசா, ஜூ மாதிரி கயிறு? கடிக்குமா?"

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முழங்கால் உயரம் வந்தது. ஒருநாள் காலை நுனியில் கதிர். விரலை மடக்கின கை மாதிரி. சாரைக் கூப்பிட்டேன். அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சரும் காபியோடு வந்தார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "ஐயோ, இது கேழ்வரகு!"

"கேழ்வரகா? இங்க எப்படி?" என்றார் சார்.

"கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சையா இருக்கணும்னு தட்டுல முளைக்க வெச்சேன். குடில் பிரிச்சப்ப மண்ணோட இங்கதான் கொட்டினேன்."

"இத்தனை நாளா இவனை நிக்க வெச்சுக் கேக்கறேன். பக்கத்துலதானே நின்ன? சொன்னா என்ன?"

"நீங்க புல்லுன்னு கேட்டீங்க. நான் போட்டது குழந்தை இயேசுவுக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு யாரு கண்டா?"

சார் சிரிக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

நானும் உண்மையைச் சொன்னேன். "சார், தினம் காலையில கேழ்வரகுக் கூழ் குடிச்சிட்டுத்தான் இதைப் பாக்க வருவேன்." எங்கள் பக்கம் நெல்தான். கேழ்வரகு வீட்டுக்கு மாவாகத்தான் வரும். செடியை நான் பார்த்ததே இல்லை.

சார் முதலிலிருந்து திரும்பச் சிரித்தார்.

கதிர் முற்றும்வரை சார் அதை எடுக்க விடவில்லை. டீச்சர் கதிரைக் கசக்கினார். ரெண்டு கைப்பிடி. ஒரே ஒரு அடை. நாலாய்க் கிழித்து எதிர்வீட்டுக்கும் ஒரு துண்டு. அதை மென்றுகொண்டே அவர், "எனக்கும் லான் போடு முருகேசா, ஆனா அடை வராத புல்லா பாத்து நடு" என்றார். மற்ற ரெண்டு வீட்டுக்காரர்களும் அந்த மாதமே லான் போடச் சொல்லிவிட்டார்கள்.

லான் வேலைக்குப் புதுசாக வருகிறவர்களுக்கு: தெரியாத புல்லை உடனே கொத்தாதீர்கள். ஒரு கைப்பிடி பூக்க விடுங்கள். அதற்கும் முன்னால், அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.