மேடு எழும்பாத மாத்திரை

குன்னூரில் மருந்துகளைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இந்தியக் குடியுரிமை கிடைத்துக் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கப் போனார்கள். அங்கே ஹட்டனில் படித்த விஞ்ஞானம் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தது. அக்கா வரவில்லை. மச்சானுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

மச்சானுக்குக் காசநோய் என்று எழுதிய அக்கா, உறைக்குள் ஒரு மாத்திரையும் வைத்திருந்தாள். அப்போது அங்கே எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. தோட்டத்து மருந்துக்காரர் கொடுப்பது நல்ல மருந்துதானா என்று அவளுக்குச் சந்தேகம். "நீதான் மருந்து பார்க்கிற ஆளாச்சே, பார்த்துச் சொல்லு" என்றிருந்தது. தபால் முத்திரை குத்தியதில் மாத்திரை நொறுங்கிப் பொடியாகியிருந்தது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, எனக்குப் பொடிதான் வேண்டும்.

பொடியை நிறுத்துக் கரைப்பேன். கரைசலுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசம் சொட்டுச் சொட்டாக விழும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், மருந்து இருக்கும் பட்சத்தில் ஓரிடத்தில் மின்னோட்டம் சட்டென்று ஏறும். பேனா காகிதத்தில் ஒரு மேடு வரையும். மேடு எவ்வளவு உயரமோ மருந்து அவ்வளவு. வேலை முடிந்தபின் செய்துகொள்ள மேலதிகாரி விட்டுவிட்டார். கோயமுத்தூர்க்காரர். "ஏனுங்க, சிலோன் மாத்திரை வந்துருச்சுங்களா?" என்று கிண்டலடிப்பார்.

அதன்பிறகும் அக்கா அவ்வப்போது ஒரு மாத்திரை அனுப்பினாள், எல்லாமே நல்லவை. "மருந்து சரி. அளவும் சரி. விடாமல் சாப்பிடச் சொல்" என்று எழுதிப் போடுவேன். அதற்குமேல் எழுத உட்கார்ந்தால் அழுகை வரும், அழுதால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். ஆனால் உறையை மட்டும் தூக்கிப் போட மாட்டேன். மூக்கருகில் வைத்தால் காம்பராவின் விறகுப் புகை வாசனை அடிக்கும், அல்லது அடிப்பதாக நினைத்துக்கொள்வேன். மாத்திரை இல்லாத கடிதங்களும் வந்தன. அவற்றுக்குப் பதில் போட வேண்டும் என்று நினைப்பதோடு சரி.

அப்படிச் சில மாதங்கள் ஓடியபின் மறுபடியும் ஒரு மாத்திரை வந்தது, வழக்கம்போலப் பொடியாக. "இதையும் பாரு" என்று ஒரே வரி.

மேடு எழும்பவில்லை. பேனா ஏரிக்கரை மாதிரி நேராகப் போனது. கரைசலை மாற்றினேன். ஆய்வகத்தில் இருந்த நல்ல மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன், அதற்கு மேடு ஒழுங்காக எழுந்தது. கருவி சரி. அப்படியானால் மச்சான் இந்தச் சில மாதமாக வெறும் மாவைத் தின்றுகொண்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தந்தி கொடுத்தேன். மனசு ஆறாமல் நாலு பக்கத்துக்குக் கடிதமும் எழுதினேன். அந்த மருந்துக்காரனைச் சும்மா விடாதே, மச்சானைக் கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல். பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை.

பதில் வந்தது.

"மச்சான் மருந்த முடிச்சு நாலு மாசமாச்சு. நல்லா இருக்காரு. அந்த மருந்துக்கார ஐயாவத் திட்டாத, பாவம். அது நான் அரிசி மாவுல உருட்டி அடுப்போரமாக் காயவச்சது. மாத்திரை வச்சாத்தானே நீ பதில் போடுற. நாலு பக்கம் கிடைச்சது, நாலையும் படிச்சேன். நான் எப்படி இருக்கேன்னு ஒரு வரி இல்லியே தங்கச்சி."

வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய் எடுத்து மடியில் வைத்து நீவிவிட்டேன். அக்காவைப் பார்க்க வேண்டும், அப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஒரு தாளை எடுத்து, "அக்கா, நீ எப்படி இருக்க?" என்று எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் எழுத வரவில்லை. அந்த ஒரு வரியை அப்படியே தபாலில் போட்டேன்.